முதல் மாடி ஹால்ல சப்வூஃபர்: அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்காம இருக்க அடியில என்ன வைக்கிறது?

ஊத்துக்குளி வெண்ணெய்:
வணக்கமுங்க. திருப்பூர்ல முதல் மாடி வீடு. ஹால் 16-க்கு 11 அடி, விட்ரிஃபைடு டைல்ஸ், கான்கிரீட் சிலாப் அஞ்சு இஞ்ச். சப்வூஃபர் (பேஸுக்கு மட்டும் தனியா இருக்கற ஸ்பீக்கர் பெட்டி) 12 இஞ்ச், டிரைவர் (சத்தம் எழுப்பற வட்டம்) முன்பக்கம், போர்ட் (காத்து போய்வர்ற துளை) பின்பக்கம், எடை 22 கிலோ. முன் ஸ்பீக்கர் ரெண்டும் புக்‌ஷெல்ஃப், அதாவது சின்னப் பெட்டி, ஒவ்வொண்ணும் 7 கிலோ. பிளைவுட் டிவி யூனிட் மேல உக்காந்திருக்குது, வசனம் வர்ற சென்டர் ஸ்பீக்கரும் அதே பலகைலதான்.

பிரச்சனை ரெண்டு. கீழ்வீட்டு ஷோகேஸ் கண்ணாடி கிணுகிணுங்குது. மேல வசனம் தெளிவா இல்லை, ஆம்பளைக் குரலெல்லாம் பானைக்குள்ள இருந்து பேசற மாதிரி வருது. கடையில ஸ்பைக் (கூர்மையான உலோகக் கால்) போடச் சொல்றாங்க, ஆன்லைன்ல சோர்போத்தேன் (அதிர்வை வாங்கிக்கற மெத்துன்னு இருக்கற பாலிமர்) அரைக்கோளம்ங்கறாங்க, ஒருத்தர் டென்னிஸ் பந்தை வெட்டி வைங்கறாரு. எதை வாங்கறதுங்க?

கணபதி பட்டறை:
வெளிய எங்கயும் போக வேண்டாமுங்க. லேத்துக்கும் கம்ப்ரசருக்கும் அடியில போடற ரப்பர் பேடு கோயமுத்தூர் நஞ்சப்பா ரோட்டுல எந்த மெஷினரிக் கடையிலயும் கிடைக்கும். 25 மி.மீ. தடிமன்ல நாலு துண்டு, ரெண்டு இஞ்ச்சுக்கு ரெண்டு இஞ்ச், நாலு மூலைல வெச்சீங்கன்னா முடிஞ்சுது. ரெண்டு டன் மெஷின் அதிர்வையே அது தாங்குது.

நொய்யல் கரை:
அண்ணா, ரெண்டு டன்னைத் தாங்கறதுனாலதான் 22 கிலோவுக்கு அது ஆகாது.

அடியில வைக்கிறது ரப்பரா, ஸ்பிரிங்கா, ஃபோமாங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எடை ஏறினதும் அது எத்தனை மி.மீ. அமுங்குது? அமுங்கற மி.மீ.க்கு வர்க்கமூலம் எடுத்து, 15.8-ஐ அதால வகுத்தா, பெட்டியும் பேடும் சேர்ந்த இயல்பு அதிர்வெண், அதாவது தட்டி விட்டா தானா நொடிக்கு எத்தனை தடவை ஆடும்ங்கறது, ஹெர்ட்ஸ்ல வந்துரும். 1 மி.மீ. அமுங்கினா 15.8, 2 மி.மீ.ன்னா 11, 5 மி.மீ.ன்னா 7, 10 மி.மீ.ன்னா 5.

அந்த அதிர்வெண்ணை 1.4-ஆல பெருக்குங்க. அதுக்கு மேல இருக்கற சத்தத்துக்கு மட்டுந்தான் பேடு தடுக்க ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ தடுக்கறதில்லைங்கறது மட்டுமில்லை, இயல்பு அதிர்வெண் பக்கத்துல அதிர்வைத் தூக்கியே கொடுக்கும். சப்வூஃபர் 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்குதுன்னா இயல்பு அதிர்வெண் 7-க்குப் பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் 20-லயே தரைக்குப் போற விசை ஏழுல ஒரு பங்கா குறையும்.

இப்ப அந்த லேத் பேடு. நாலு பேடுக்கு 22 கிலோன்னா ஒவ்வொண்ணுக்கும் அஞ்சரை கிலோ. 25 சதுர செ.மீ. நடுத்தரக் கெட்டி ரப்பர் அந்த எடைக்கு 0.2 மி.மீ. அமுங்கினா பெரிசு. இயல்பு அதிர்வெண் 35 வருது. போதாததுக்கு ரப்பர் அசையறப்போ நிக்கறதை விட விறைப்பு கூடும், அதனால 40-ஐத் தாண்டிரும். அதாவது சப் அதிகமா அடிக்கிற இடத்துலயே பேடு தூக்கி விடும். இதுக்கு ஒண்ணும் வைக்காம இருக்கறதே மேல்.

கணபதி பட்டறை:
கணக்கு சரீங்க, ஆனா அதே பேடு ஜெனரேட்டருக்கு வேலை செய்யுதே?

நொய்யல் கரை:
ஜெனரேட்டர் நானூறு ஐநூறு கிலோ, அங்க பேடு பல மி.மீ. அமுங்கும். போதாததுக்கு எஞ்சின் 1500 ஆர்பிஎம் ஓடுது, அதாவது 25 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் அதுல இருந்து மேலதான் அதிர்வு. பேடு நல்லதுதான், இந்த எடைக்கு ஏத்ததில்லை. சோர்போத்தேன் அரைக்கோளத்துக்கும் இதேதான். கெட்டித்தன்மை 30, 50, 70-ன்னு வருது, ஒவ்வொண்ணுக்கும் தாங்கற எடை வரம்பு போட்டிருப்பாங்க. உயரத்துல நூத்துக்கு 10-ல இருந்து 20 வரை அமுங்கற மாதிரி எடுக்கணும். ‘எதுக்கும் இருக்கட்டும்’னு பெரிய சைஸ் எடுத்தீங்கன்னா கல்லு மாதிரி உக்காந்துக்கும், சின்னது எடுத்தீங்கன்னா தட்டையாப் போயிரும். இன்னொண்ணு, அதுல இருந்து எண்ணெய் மாதிரி ஒண்ணு கசிஞ்சு வார்னிஷ் அடிச்ச மரத்துல கறை விழும். நடுவுல ஒரு பிளாஸ்டிக் வில்லை வையுங்க.

டென்னிஸ் பந்தைப் பாதியா வெட்டிக் கவுத்து வெச்சா நல்லாவே அமுங்கும், கொஞ்ச மாசத்துல ரப்பர் சோர்ந்து பெட்டி சாஞ்சுரும். சோதிச்சுப் பார்க்கறதுக்கு வேணா வெச்சுக்கலாம்.

பொள்ளாச்சி இளநி:
எனக்கு இதுல மாற்றுக் கருத்து. சப்வூஃபர் ஆடக்கூடாது. கோன் (டிரைவரோட அசையற கூம்பு) முன்னால போறப்போ பெட்டி பின்னால போனா பேஸ் அடி கரைஞ்சு போகும். அதுக்குத்தானே ஸ்பைக் போட்டுத் தரையோட இறுக்கறது? மெத்து மெத்துன்னு வெச்சா சத்தமும் மெத்துன்னுதான் வரும்.

நொய்யல் கரை:
இதையும் எண்ணுலயே பார்த்துருவோம். 12 இஞ்ச் டிரைவர்ல அசையற எடை 150 கிராம்னு வெச்சுக்குங்க. 30 ஹெர்ட்ஸ்ல கோன் ஒரு பக்கம் 10 மி.மீ. போகுதுன்னா அது வீட்டுல போடற சத்தத்துக்கு ஏறக்குறைய உச்சம். 22 கிலோ பெட்டி காத்துல மிதந்தாக்கூட எதிர்ப்பக்கம் நகர்றது 10 மி.மீ. × 0.15 ÷ 22. அதாவது 0.07 மி.மீ., நாம எழுதற பேப்பர் தடிமனுக்கும் கீழ. பேஸ்ல குறையறது நூத்துக்கு முக்கால் பங்கு கூட இல்லை, டெசிபல்ல 0.06. எந்தக் காதும் கண்டுபிடிக்காதுங்க.

அதே கோன் அப்ப உண்டாக்கற விசை எவ்வளவு? 53 நியூட்டன். அஞ்சரை கிலோ எடைக்குச் சமமான தள்ளு, நொடிக்கு முப்பது தடவை முன்னும் பின்னும். ஸ்பைக் போட்டா அது அப்படியே சிலாப்புக்குள்ள போகும். ஸ்பைக் அதிர்வை ‘வடிச்சு விடும்’னு விக்கறாங்க. தரைக்குள்ள விடுதுங்கறது வரைக்கும் உண்மை, அதைத்தானே கீழ்வீட்டுக்காரர் வேண்டாங்கறாரு!

ஸ்பைக்குக்கு வேலை தடிமனான கார்ப்பெட்ல. துணியைக் குத்திக் கீழ கெட்டித் தரையப் புடிச்சு டவர் ஸ்பீக்கர் தள்ளாடாம நிறுத்தும். டைல்ஸ்ல அது வழுக்கும், பளபளப்பைப் பேத்தும்.

பொள்ளாச்சி இளநி:
ஸ்பைக் போட்டா சத்தம் மாறுதுங்கறதை நிறையப் பேரு சொல்றாங்களே. எல்லாருக்கும் காது கோளாறுங்களா?

நொய்யல் கரை:
மாறும்ங்க. தரையும் அலமாரியும் சேர்ந்து அதிர்ந்தா கூடுதல் சத்தம் ஒண்ணு வரும், காலுக்கும் தெரியும். அது சிலருக்குப் புடிக்கும். சோபா வழியா அந்த அதிர்வு வேணும்னா தனியா சோபாவுக்கு அடியில ஷேக்கர்ங்கற அதிர்வுக் கருவி போடலாம். கீழ்வீட்டுக் கண்ணாடியை ஆட்டி அனுபவிக்க வேண்டியதில்லை. ஸ்பைக் போடறதுக்காக ஸ்பீக்கரை நகர்த்தி வேற இடத்துல வெச்சாலும் சத்தம் மாறும், ரெண்டு செ.மீ. உயர்ந்தாலும் மாறும். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காம ஸ்பைக்குக்கு மார்க் போடக்கூடாது.

பவானி ஜமுக்காளம்:
காசு செலவு பண்றதுக்கு முந்தி ஒண்ணு செஞ்சு பாருங்க தம்பி. பழைய ஸ்கூட்டர் டியூப் ஒண்ணு எடுத்துக் கொஞ்சமா காத்தடிச்சு, மேல ஒரு பிளைவுட் பலகை, அதுக்கு மேல சப். பலகை தரையைத் தொடாம, கையால அழுத்தினா மெதுவா ஏறி இறங்கணும். சாதாரண ஆளுங்க செய்யற எந்தப் பேடும் அந்த டியூபை விட நல்லாத் தடுக்காது. இப்ப அதே வால்யூம்ல அதே சீனைப் போட்டு, கீழ ஒருத்தரை நிக்க வையுங்க.

கிணுகிணுப்பு போயிருச்சா? அது சிலாப் வழியா போனது, பேடு போட்டா தீரும். அப்படியே இருக்கா? காத்து வழியா போகுது. ஹால்ல இருக்கற காத்தழுத்தமே சிலாப்பையும் சுவத்தையும் தள்ளுது. அதுக்கு அடியில தங்கத்துல பேடு போட்டாலும் பலனில்லை. பாதி குறைஞ்சு பாதி இருந்தா ரெண்டும் சேர்ந்த கதை. பெரும்பாலும் இதுதான் வரும்.

சைன் டோன், அதாவது ஒரே அதிர்வெண் சத்தம், போட்டுச் சோதிக்கறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. போர்ட் வெச்ச சப்ல போர்ட் டியூனிங்குக்கு (போர்ட் வேலை செய்யற அதிர்வெண்ணுக்கு) கீழ டோன் போட்டா கோனைப் புடிச்சு நிறுத்தக் காத்து இருக்காது, வாய்ஸ் காயில் (கோனை அசைக்கற கம்பிச்சுருள்) அடிவாங்கும். பெரும்பாலான பெட்டிக்கு 25-க்குக் கீழ போகாதீங்க, வால்யூமையும் அடக்கி வையுங்க.

ஊத்துக்குளி வெண்ணெய்:
அக்கா, டியூப் சோதனை பண்ணியாச்சு. கிணுகிணுப்பு நல்லாக் குறைஞ்சுது, ஆனா குறிப்பிட்ட ஒரு பேஸ் நோட்டுக்கு மட்டும் அப்படியே வருது. போன்ல அதிர்வை அளக்கற பைபாக்ஸ் ஆப் போட்டு, டைல்ஸ் மேல ஒட்டிப் பார்த்தேன். 45-லயும் 60-லயும் தரை அதிர்வு நாலுல ஒரு பங்கா இறங்குது. 36 பக்கத்துல மட்டும் பெரிசா மாத்தமில்லை.

நொய்யல் கரை:
16 அடி ஹால்ல அது வந்தே தீரணும். நம்ம ஊர் வெப்பத்துல ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகுது. 16 அடிங்கறது 4.88 மீட்டர். 349-ஐ அதோட இரட்டிப்பால வகுத்தா 35.8 ஹெர்ட்ஸ். அது ஹாலோட நீளவாட்டு ஒத்ததிர்வு. 11 அடிக்கு 52 வரும். 36-ல மொத்த ஹால் காத்தும் சேர்ந்து சிலாப்பைத் தள்ளுது, பேடுக்கு அங்க வேலையில்லை.

சப் இப்ப மூலைல இருக்குதுன்னு நினைக்கறேன். நீளச் சுவத்துல சரியா நடுவுக்கு, எட்டாவது அடிக்கு, கொண்டு வாங்க. அந்த இடத்துல 36-ஓட அழுத்தம் பூஜ்யம், அதனால சப்பால அதைத் தூண்டவே முடியாது. கேபிள் எட்டலைன்னா ரிசீவர்லயோ சப்லயோ பாராமெட்ரிக் ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கற வசதி) இருந்தா 36-ல 6 டெசிபல் இறக்குங்க.

போன் ஆக்சிலரோமீட்டரைப் பத்தி ஒரு எச்சரிக்கை: நொடிக்கு 200 தடவை அளக்கற போன்னா 100 ஹெர்ட்ஸ்க்கு மேல காட்டறதை நம்பாதீங்க. முன்னும் பின்னும் ஒரே வால்யூம், ஒரே டைல், போன் அதே பக்கம் பார்த்து இருக்கணும். சத்தத்தை அளக்கறதுக்கு யூமிக்-1 மாதிரி மைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் சாஃப்ட்வேரும் இருந்தா வேலை சுலபம்.

கணபதி பட்டறை:
சரி, ரப்பர் வேண்டாம். ஸ்பிரிங் போடலாமுங்களா? டெக்ஸ்டைல் மெஷினுக்கு ஸ்பிரிங் சுத்தறவங்க கோயமுத்தூர்ல நிறைய இருக்கறாங்க, நாலே நாலு பீஸ் கேட்டாலும் சுத்திக் கொடுப்பாங்க. அளவு மட்டும் சரியாச் சொல்லணும்.

நொய்யல் கரை:
ஸ்பிரிங்தான் இதுக்கு ராஜா. முதல்ல எடையைக் கூட்டுங்க, அப்பத்தான் தள்ளாட்டம் குறையும். கிச்சன் மேடையில சிங்க்குக்காக வெட்டி எடுத்த கிரானைட் துண்டு பாலிஷ் பண்ற இடத்துல மூலைல சாத்தியிருக்கும். 20-க்கு 16 இஞ்ச், 18 மி.மீ. தடிமன்னா ஒரு துண்டு 10 கிலோ வரும். ரெண்டு துண்டை நடுவுல சிலிகான் சீலன்ட் கோடு கோடாப் போட்டு ஒட்டுங்க. முழுசாப் பூசினா நடுவுல சீலன்ட் இறுகாது. ஒட்டினதும் மேல எடை வெச்சு ஒரு நாள் விட்டுருங்க. ஒத்தைக் கல்லைத் தட்டினா மணி மாதிரி கிண்ணுங்கும், ஒட்டின ஜோடியைத் தட்டினா டொக்குன்னு செத்த சத்தம் வரணும்.

சப் 22, கல்லு 20, மொத்தம் 42 கிலோ. நாலு ஸ்பிரிங், ஒவ்வொண்ணுக்கும் பத்தரை கிலோ, 103 நியூட்டன். கேக்க வேண்டிய ஸ்பிரிங்: கம்பி 2.5 மி.மீ., சுருளோட சராசரி விட்டம் 20 மி.மீ., அதாவது வெளிவிட்டம் 22.5, வேலை செய்யற சுத்து 5, ரெண்டு முனையும் மூடித் தேய்ச்சது, மொத்தம் 7 சுத்து, சும்மா நிக்கற உயரம் 36 மி.மீ. இதோட விறைப்பு மி.மீ.க்கு 9.7 நியூட்டன் வருது. 103 நியூட்டனுக்கு 10.6 மி.மீ. அமுங்கி 25 மி.மீ. உயரத்துல நிக்கும். இயல்பு அதிர்வெண் 5-க்குக் கொஞ்சம் கீழ. சுத்து சுத்தோட ஒட்டற உயரம் 17.5, அதனால இன்னும் எட்டு மி.மீ. மிச்சம் இருக்கும். வேற எடை சப்புக்கு இதே ஸ்பிரிங்கை வாங்காதீங்க, 9.7-ஐ வெச்சு அமுங்கல் 8-ல இருந்து 12 மி.மீ.க்குள்ள வருதான்னு முதல்ல பாருங்க.

கணபதி பட்டறை:
அளவு சரியா இருக்குதுங்க. செய்முறை நான் சொல்றேன். ஸ்பிரிங் டைல்ஸ் மேல நேரா நின்னா நகர்ந்துரும். பைப்பு கடையில முக்கால் இஞ்ச் யூபிவிசி எண்ட் கேப் எட்டு வாங்கிக்குங்க, சிபிவிசி வேண்டாம், அதுல உள்விட்டம் பத்தாது. யூபிவிசி கேப் உள்ள 26, 27 மி.மீ. இருக்கும், 22.5 ஸ்பிரிங் உரசாம உக்காரும். கேப் ஆழமா இருந்தா மேல் கேப்பும் கீழ் கேப்பும் அமுங்கறப்போ முட்டிக்கும், அதனால ரெண்டையும் 8 மி.மீ. உயரத்துக்கு ஹேக்சா பிளேடுல அறுத்துருங்க. 25 மி.மீ.ல நிக்கற ஸ்பிரிங்குக்கு அப்பத்தான் நடுவுல இடைவெளி கிடைக்கும். கேப்புக்குள்ள சைக்கிள் டியூப்ல வெட்டின ரப்பர் வட்டம் ஒண்ணு. கேப்போட அடி உருண்டையா இருந்தா அரத்துல தட்டையாத் தேயுங்க.

ஸ்பிரிங் உலோகம், சில நூறு ஹெர்ட்ஸ்ல தானே பாட ஆரம்பிக்கும். கம்பி மேல ஹீட் ஷ்ரிங்க் சிலீவ் போடறவங்க உண்டு. அதை விட சுலபம், சுருளுக்கு உள்ள மெத்தை ஃபோம் துண்டை உருட்டித் தளர்வாச் சொருகறது. இறுக்கித் திணிச்சீங்கன்னா எடையை ஃபோம் வாங்கிக்கும், கணக்கு கெட்டுரும்.

இடம் முக்கியம். சப்ல டிரைவரும் மேக்னெட்டும் முன்பக்கம், அதனால முன்னால கனம். சப்போட முன் விளிம்பை மட்டும் எடை மெஷின் மேலயும், பின் விளிம்பை அதே உயரத்துல ஒரு கட்டை மேலயும் வெச்சா முன்பக்கம் எத்தனைன்னு தெரிஞ்சுரும். 13-க்கு 9-ன்னு வந்தா கனம் நடுவை விட முன்னால இருக்குது. சப்பைக் கல்லு மேல கொஞ்சம் பின்னால தள்ளுங்க. நாலு ஸ்பிரிங்கும் ஒரே உயரத்துல நிக்கற வரைக்கும் தள்ளி, அப்புறம் ரசமட்டம் வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் அடங்கிப் போய் சுத்து சுத்தோட ஒட்டிக்கிச்சுன்னா அந்த மூலை வழியா எல்லா அதிர்வும் இறங்கிரும்.

நொய்யல் கரை:
இந்த சப்ல டிரைவர் முன்பக்கம் பார்க்குது, அதனால தள்ளு படுக்கை வாட்டுல வருது, பெட்டி முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். ஸ்பிரிங்கைக் கல்லோட மூலைக்கு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் வையுங்க, சப்போட அடிக்குள்ள ஒடுக்காதீங்க. டிரைவர் கீழ்நோக்கி இருக்கற சப்புன்னா தள்ளு செங்குத்தா நேரா சிலாப்புக்குப் போகும், அங்கதான் ஸ்பிரிங் இன்னும் அவசியம். எதிரெதிரா ரெண்டு டிரைவர் வெச்ச சப் வெச்சிருக்கறவங்க இந்த இழையையே படிக்க வேண்டியதில்லை, ரெண்டு தள்ளும் ஒண்ணையொண்ணு தின்னுரும்.

கேபிளை மறந்துராதீங்க. தடியான பவர் கேபிள் இறுக்கமா சுவத்து பிளக்குக்குப் போனா அதுவே ஒரு பாலம். ஒரு சுத்து தளர்வா விடுங்க. சப்போட முதுகு திரைச்சீலையையோ சுவத்தையோ தொட்டாலும் அதேதான்.

சோமனூர் தறி:
ஒரு சந்தேகமுங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடியே விசைத்தறிக் கூடம். தரையே லேசா ஆடிட்டுத்தான் இருக்கும். 5 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் போட்டா தறி அதிர்வும் நின்னுருமுங்களா?

நொய்யல் கரை:
நிக்காதுங்க, கூடும். சாதாத் தறி நிமிஷத்துக்கு 120-ல இருந்து 150 பிக்குன்னா (பிக்குங்கறது ஊடு இழை ஒரு தடவை ஓடறது) பலகை அடிக்கறது நொடிக்கு 2-ல இருந்து 2.5 தடவை. அதோட இரட்டிப்பு 4, 5 ஹெர்ட்ஸ். 5 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் அதைப் புடிச்சு ஊஞ்சலாட்டும். சத்தத்துல ஒண்ணும் தெரியாது, அந்த அதிர்வெண் காதுக்குக் கேக்காது. ஆனா பெட்டி கண்ணுக்குத் தெரியற மாதிரி நடுங்கும், டவர் ஸ்பீக்கர்னா சாயறதுக்கும் வழியிருக்கு. தறிக்காட்டுல இருக்கறவங்க வெறும் ஸ்பிரிங்கை விட்டுட்டு, தன் ஆட்டத்தைத் தானே அடக்கற ஃபோம் போடுங்க.

ரெக்கார்ட் பிளேயர் வெச்சிருந்தா அது தனி வேலை. தரையில நிக்கற எந்த ஸ்டாண்டும் தறி பக்கத்துல ஆகாது. தறிக் கூடத்தோட சேராத சுவத்துல பிராக்கெட் அடிச்சு அதுக்கு மேல வைக்கணும்.

பொள்ளாச்சி இளநி:
ஃபோம்னா எந்த ஃபோம்? எங்க ஊர்ல ரப்பர் பூசின தென்னை நார் ஷீட் ஏராளம். மெத்தைக்கும் போடறாங்க, பேக்கிங்குக்கும் போடறாங்க. அது ஆகுங்களா?

பவானி ஜமுக்காளம்:
நார் ஷீட் ஆரம்பத்துல நல்லா அமுங்கும், ஆனா தொடர்ந்து எடை இருந்தா மாசக்கணக்குல தாழ்ந்துட்டே போகும். தாழ்ந்ததும் விறைச்சுரும். சப்புக்கு வேண்டாம். 7 கிலோ ஸ்பீக்கருக்கு வேணா போடலாம், வருஷத்துக்கு ஒருக்கா மாத்தறதுக்குச் சம்மதம்னா.

மெத்தைக் கடையில 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்க, 50 மி.மீ. தடிமன். துண்டு ஃபோமை ஒட்டி அழுத்தின ரீபாண்ட் வேண்டாம், அது இந்த எடைக்குக் கெட்டி. முழு ஷீட்டாக் கல்லுக்கு அடியில விரிக்காம துண்டு துண்டா வெச்சாத்தான் அமுங்கலை நாம புடிச்ச மாதிரி கொண்டு வரலாம். ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க: 50 மி.மீ. ஃபோம் எடை ஏறி ஒரு மணி நேரம் கழிச்சு 38-ல இருந்து 42-க்குள்ள நிக்கணும். 30-க்குக் கீழ போச்சுன்னா இன்னொரு துண்டு சேருங்க. 46-லயே நிக்குதுன்னா ஒரு துண்டை எடுத்துருங்க. ஃபோம்ல கணக்குப் போட்ட இயல்பு அதிர்வெண் அப்படியே வராது, அசையறப்போ கொஞ்சம் விறைக்கும், உள்ள இருக்கற காத்தும் சேரும். 7-ன்னு வந்தா 10-ன்னு வெச்சுக்குங்க. 30-க்கு மேல நல்ல பலன், 20-ல சுமார்.

ஊத்துக்குளி வெண்ணெய்:
சப் கதை புரிஞ்சுதுங்க. வசனம் தெளிவில்லாததுக்கு?

பவானி ஜமுக்காளம்:
அது டிவி யூனிட் பலகை பண்ற வேலை. ஒரு ஆம்பளைக் குரல் பேசறப்போ அந்தப் பிளைவுட் மேல விரல் நுனியை வெச்சுப் பாருங்க, நுனியில எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுன்னா பலகையும் சேர்ந்து பேசுதுன்னு அர்த்தம். உள்ள வெத்தறையா இருக்கற யூனிட் 100-ல இருந்து 250 ஹெர்ட்ஸ்க்குள்ள எங்கயாவது பாடும். குரலோட அடிப்பாகம் அங்கதான்.

ஏழு கிலோ ஸ்பீக்கருக்கு சப் அளவுக்கு மெனக்கெட வேண்டாம். தடுக்க வேண்டியது 100-க்கு மேல. இயல்பு அதிர்வெண் 15 இருந்தாப் போதும், அதாவது 1 மி.மீ. அமுங்கினாலே சரி. ஒரு மூலைக்கு ரெண்டு கிலோவுக்குக் கீழதான் எடை. அந்த எடைக்கு ஏத்த சின்ன சோர்போத்தேன் வில்லையோ, அதே 40 டென்சிட்டி ஃபோம்ல நாலு சின்னத் துண்டோ போதும். ஃபோம் துண்டை முன்னால உயரமா பின்னால தாழ்வா சரிச்சு வெட்டினா ட்வீட்டர் (கீச்சு சத்தம் வர்ற சின்ன டிரைவர்) காதைப் பார்க்கும். டிவி யூனிட் தாழ்வா இருக்கற வீட்டுல இது பெரிய லாபம்.

ஸ்பீக்கர் முகம் பலகை விளிம்போட சமமா, இல்லைன்னா அரை இஞ்ச் வெளிய வரணும். உள்ள தள்ளி வெச்சா பலகைல பட்டுத் தெறிச்சு வர்ற சத்தமே குரலைக் கெடுக்கும், எத்தனை பேடு போட்டாலும் தீராது. சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் இது முக்கியம். பலகைக்கு அடியில ஆசாரிகிட்ட சொல்லி ரெண்டு ரீப்பர் குறுக்கால அடிச்சு, உள்ள காலி அறைல ஒரு பழைய இலவம்பஞ்சுத் தலகாணியைத் திணிச்சுருங்க.

பொள்ளாச்சி இளநி:
ஸ்டாண்ட்ல மணல் நிரப்பறாங்களே, அது?

கணபதி பட்டறை:
இரும்பு ஸ்டாண்ட் தட்டினா மணி அடிக்கும், அதுக்கு மணல். எம்-சாண்டு போதும், ஆனா வெயில்ல ரெண்டு நாள் காய வெச்சுச் சலிச்சுப் போடணும். ஈரத்தோட போட்டா உள்ள துருப் புடிக்கும். மூணுல ரெண்டு பங்கு உயரம் போதும். முழுசா நிரப்பினா மேல்கனம் ஏறிக் குழந்தைங்க இடிச்சாக் கவுந்துரும். ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல நாலு பொட்டு புளூ டேக் (பிசைஞ்சு ஒட்டற மாவு மாதிரியான பசை).

ஊத்துக்குளி வெண்ணெய்:
எல்லாம் போட்டாச்சுங்க. சப் எட்டாவது அடிக்கு வந்திருச்சு, கல்லும் ஸ்பிரிங்கும் 25 மி.மீ.ல நிக்குது. 36-லயும் இப்ப தரை அதிர்வு பாதிக்குக் கீழ. கீழ ஷோகேஸ் சத்தம் சண்டைக் காட்சிக்கு மட்டும் லேசா. ஆனா மேல, நம்ம ஹால்லயே, எங்கயோ ஒரு ‘ஸ்ர்ர்’ சத்தம் புதுசாக் கேக்குது.

பவானி ஜமுக்காளம்:
புதுசில்லை தம்பி, முன்ன பெரிய சத்தத்துல மறைஞ்சிருந்துது. 30-ல இருந்து 120 வரை மெதுவா ஏறற டோன் போட்டு, சத்தம் வர்ற இடத்துல டோனை நிறுத்தி வெச்சு, ஒவ்வொண்ணா கையால அமுத்துங்க. வரிசை சொல்றேன்: அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் கண்ணாடி, ஜன்னல் கொண்டி, ஏசி முன்மூடி, டியூப்லைட் பட்டி, பீரோக் கதவு, சமையக்கட்டு ஸ்டாண்டுல ஒண்ணோட ஒண்ணு தொட்டுட்டு இருக்கற எவர்சில்வர் தட்டு, பூஜை அறை மணி. ஜன்னல்னா டிராக்ல கம்பளிப் பட்டை மாத்துங்க. கொண்டின்னா ஒரு சுத்து சைக்கிள் டியூப். கீழ ஷோகேஸ் கண்ணாடிக்கு மூலைக்கு ஒரு சிலிகான் பொட்டு ஒட்டிக் கொடுங்க. அதுக்கு ஆகற காசு நீங்க கல்லுக்குக் கொடுத்த காசுல கால்வாசி கூட வராது.

ஜமுக்காளம் விரிச்சாக் குறையுமான்னு யாராவது கேப்பாங்க, அதனால முன்னாலயே சொல்லிடறேன்: கைத்தட்டினா வர்ற எதிரொலிக்கு ஜமுக்காளம் நல்லது, பேஸுக்கு அது இருக்கறதே தெரியாது.

ஊத்துக்குளி வெண்ணெய்:
ஏசி முன்மூடிதானுங்க. கிளிப்புல ஒண்ணு உடைஞ்சிருக்குது.

கணபதி பட்டறை:
உடைஞ்ச இடத்துல ரெண்டு மடிப்பு ஃபெல்ட் வெச்சு மூடுங்க, டேப் ஒட்டாதீங்க, சூட்டுல பசை ஒழுகிரும். ஸ்பிரிங் உயரத்தை ஒரு மாசம் கழிச்சு ஒருக்கா ஸ்கேல் வெச்சுப் பாருங்க. நாலுல ஏதாவது ஒண்ணு ரெண்டு மி.மீ.க்கு மேல தாழ்ந்திருந்தா சுத்தினவர் கம்பியைச் சரியா சூடு பண்ணலைன்னு அர்த்தம், அதைக் கொண்டுபோய் மாத்திக்குங்க.